காரணத்தையும் கமிட் செய்ய ஒரு சிறு லைப்ரரி

'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று எழுதுவது பழைய வழி. 2005-இல் யூனிகோடு 4.1 வந்தபோது 'ஶ' தனி எழுத்தாகச் சேர்ந்தது. அதிலிருந்து 'ஶ்ரீ' என்று இன்னொரு வரிசையும் புழங்குகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. ஆகவே பெயர் தேடும் தமிழ் மென்பொருள் எதுவானாலும், உள்ளே எங்காவது ஒரு மூலையில் 'இந்த வரிசையை அந்த வரிசையாகக் கொள்' என்று ஒரு வரி இருந்தாக வேண்டும்.

அந்த வரியை முதன்முறை பார்க்கும் ஆள் கேட்கும் கேள்வி நியாயமானது: ஒவ்வொரு தேடலிலும் மாற்றுவானேன், சேமிக்கும்போதே ஒருமுறை மாற்றிவிட்டால் என்ன? கேட்பதோடு நிற்காமல் செய்தும் விடுவார். டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். பிறகு ஒரு நாள், வெளி அமைப்பிலிருந்து வந்த பெயரை அங்கேயே திருப்பி அனுப்பும் இடத்தில் பொருத்தம் தவறும். அந்தப் பக்கம் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது. பெயரை வந்தபடியே சேமிக்க வேண்டும் என்று முதலில் எழுதியவர் முடிவெடுத்தது அதற்காகத்தான். அந்த முடிவின் விளைவு கோடில் இருக்கிறது. காரணம் எங்கும் இல்லை.

கமிட் செய்தியில் (கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பில்) இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் குழுவில் பத்து கமிட்டும் ஒன்றாகி, காரணம் சொன்ன செய்தி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தலைப்புக்குள் கரைந்துவிடும். ஃபார்மேட்டர் ஓடிய அன்று வரிகளெல்லாம் அதை ஓட்டியவர் பெயருக்கு மாறிவிடும். (அப்படிப்பட்ட கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்க கிட் 2.23-இலிருந்து வசதி உண்டு. அந்தப் பட்டியலை யாராவது பராமரித்தால்.) இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: எடுக்காமல் விட்ட வழியைப் பற்றிய குறிப்புக்கு, ஒட்டிக்கொள்ள கோடில் ஒரு வரியே கிடையாது. இல்லாத கோடுக்கு பிளேம் (வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் கட்டளை) பார்க்க முடியாது.

முடிவையும் காரணத்தையும் கோடு இருக்கும் கிட் ரெப்போவிலேயே சின்னச் சின்னக் கோப்புகளாக வைத்து, அவற்றை எண்ணிட, இணைக்க, சரிபார்க்க ஒரு சிறு லைப்ரரி எழுதுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பைத்தானில் சொல்கிறேன்; 200 வரியை ஒட்டி முடிந்துவிடும். எந்த மொழியிலும் இதே உறுப்புகள்தான்.

ஏற்கெனவே இருப்பவை

காரணங்களைப் பதிய வேண்டும் என்பது புதிய எண்ணமல்ல. 1970-இல் வெர்னர் குன்ஸும் ஹோர்ஸ்ட் ரிட்டலும் ஐபிஐஎஸ் என்றொரு முறையை முன்வைத்தார்கள்: ஒவ்வொரு விவாதமும் கேள்வி, நிலைப்பாடு, வாதம் என்று பிரிந்து ஒன்றோடொன்று கோக்கப்படும். 1988-இல் ஜெஃப் கான்க்லினும் மைக்கேல் பெகமனும் ஆஸ்டினில் இருந்த எம்சிசி ஆய்வு நிறுவனத்தில் அதற்குப் படமாகக் காட்டும் ஒரு கருவியே செய்தார்கள். எண்ணம் அழகு, செலவு அதிகம். பேசிய ஒவ்வொன்றையும் கணுவாகப் பிரித்துப் போடுவது பேசுபவர் தலையில் விழும். பலன் பிறகு வருபவருக்குப் போகும். இப்படிப்பட்ட கருவிகள் ஏன் படுத்துவிடுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம்.

2011 நவம்பரில் மைக்கேல் நைகார்ட் எழுதிய ஒரு குறிப்பு இந்தச் செலவைக் கீழே கொண்டுவந்தது. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு, ஒன்றிரண்டு பக்கம், ஐந்தே பகுதி: தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள். கோப்புக்கு வரிசை எண். பழையதை அழிப்பதில்லை, மாறினால் புதிதாக எழுதி, பழையதில் 'இதனால் மாற்றப்பட்டது' என்று குறிப்பது. ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்டு) என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2016-இல் நாட் பிரைஸ் இதற்கு பாஷ் ஸ்கிரிப்டுகளாக ஏடிஆர்-டூல்ஸ் எழுதினார். புதுப் பதிவு திறக்கலாம், ஒன்றை இன்னொன்று மாற்றியதாகக் கட்டலாம், பட்டியலும் படமும் எடுக்கலாம்.

நைகார்டின் வடிவத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. பரிசீலித்து விட்ட வழிகளுக்கென்று அதில் தனிப் பகுதி இல்லை. டேவிட் பார்னஸும் பால் கிளெமெண்ட்ஸும் 1986-லேயே, வடிவமைப்பு ஆவணத்தில் பரிசீலித்துத் தள்ளிய மாற்று வழிகளும் ஏன் தள்ளினோம் என்பதும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வந்த எம்ஏடிஆர் என்ற ஏடிஆர் வார்ப்புரு அதைச் சேர்த்துக்கொண்டது. கூடவே இன்னும் பலவற்றையும் சேர்த்துக்கொண்டது. நிரப்ப வேண்டிய கட்டங்கள் கூடக் கூட, 'பொருந்தாது' என்று எழுதப்படும் கட்டங்களும் கூடும். நான் வைக்கச் சொல்வது ஐந்துதான், ஆனால் வேறு ஐந்து: சூழல், முடிவு, விட்ட வழிகள், விளைவு, மறுபார்வை. நாளும் நிலையும் தலைவரிகளில் (கோப்பின் மேலே உள்ள 'பெயர்: மதிப்பு' வரிகளில்) போய்விடும்.

விட்ட வழிகளும் மறுபார்வையும் இல்லாத பதிவு வெறும் அறிவிப்பு. 'போஸ்ட்கிரஸ் பயன்படுத்துகிறோம், ஏனெனில் அது நம்பகமானது' என்பதில் காரணம் போல ஒன்று இருக்கிறது, காரணம் இல்லை. எதோடு ஒப்பிட்டு, எதை இழந்து, எது மாறினால் இந்த முடிவு செல்லாது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அடுத்தவர் அந்தப் பதிவை வைத்து ஒரு வேலை செய்ய முடியும்.

மேலே சொன்ன 'ஸ்ரீ' சிக்கலுக்கு ஒரு பதிவு எழுதினால் இப்படி இருக்கும்:

எண்: 0012
தலைப்பு: பெயரை வந்தபடியே சேமிப்பது, தேடலில் மட்டும் இயல்பாக்குவது
நாள்: 2025-03-14
நிலை: ஏற்பு
மாற்றுவது: 0005

சூழல்: பெயர்கள் வெளி அமைப்பிலிருந்து வருகின்றன, சரிபார்க்க அங்கேயே திரும்பப் போகின்றன. அங்கே ஒப்பீடு பைட் அளவில் நடக்கிறது. பயனர்கள் தேடும்போது 'ஸ்ரீ', 'ஶ்ரீ' இரண்டையும் தட்டுகிறார்கள். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் இரண்டு குறியாகவும் அனுப்பும் விசைப்பலகைகளும் உள்ளன.

முடிவு: டேபிளின் பெயர் நெடுவரிசையில் வந்த பைட்டுகளே இருக்கும். தேடலுக்குத் தனி நெடுவரிசை: என்எஃப்சி செய்து, பிறகு 'ஸ்ரீ' வரிசையை 'ஶ்ரீ' வரிசையாக மாற்றியது.

விட்ட வழிகள்: (அ) சேமிக்கும்போதே மாற்றுவது. திருப்பி அனுப்பும்போது பொருத்தம் தவறும் என்பதால் விட்டோம். (ஆ) ஒவ்வொரு தேடலிலும் இரண்டு வடிவத்தையும் தேடுவது. ஒரே பெயரில் இரண்டு இடத்தில் வந்தால் நான்கு சேர்க்கை ஆகும் என்பதால் விட்டோம். (இ) ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் தட்டுவதையும் சேர்த்து மடக்குவது. 'வெள்ளை' போன்ற சொற்களில் ளகரம் உண்மையாகவே ளகரம். இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது என்பதால் விட்டோம்.

விளைவு: பெயர் இரண்டு முறை சேமிக்கப்படுகிறது. மாற்றும் விதி மாறினால் தேடல் நெடுவரிசையை முழுதும் மறுபடி கட்ட வேண்டும்.

மறுபார்வை: வெளி அமைப்பு இயல்பாக்கிய ஒப்பீட்டுக்கு மாறினால்.

இதில் அடுத்தவருக்கு உதவப்போவது பெரும்பாலும் (அ), (இ) இரண்டும்தான். ஆறு மாதம் கழித்து யாராவது உறுதியாக முன்மொழியப்போவது அவற்றைத்தான்.

லைப்ரரி என்ன செய்ய வேண்டும்

நான்கே வேலை: புதுப் பதிவு திறப்பது, ஒன்றை இன்னொன்றால் மாற்றுவது, பட்டியல் எடுப்பது, சரிபார்ப்பது. எழுதித் தருவது அதன் வேலை அல்ல. பதிவை ஃபிரீஸ் செய்த (உருவான பின் மாற்ற முடியாத) ஒரு டேட்டாகிளாஸாக வையுங்கள்: எண், தலைப்பு, நாள், நிலை, மாற்றுவது, மாற்றியது, பகுதிகள். படிப்பது ஒரு ஃபங்ஷன், எழுதுவது இன்னொன்று. படித்து உடனே எழுதினால் கோப்பு ஒரு பைட்கூட மாறக்கூடாது. இந்த ஒரு டெஸ்டை முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி ஒழியும். இல்லாவிட்டால் நிலையை மட்டும் மாற்றப் போய், வரி முடிவுகளும் காலி வரிகளும் மாறி, ரிவ்யூவில் முழுக் கோப்பும் சிவப்பாகத் தெரியும்.

தலைவரிகளுக்கு யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவத்தின் பார்சரைக் கொண்டுவரத் தோன்றும். வேண்டாம். பைத்தானின் பையாமல் லைப்ரரி யாமல் 1.1 விதிப்படி நடக்கிறது. சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகப் படிக்கும். மேற்கோள் குறி இல்லாமல் 0012 என்று எழுதினால் கையில் கிடைப்பது 10. 0018 என்று எழுதினால், 8 எட்டடிமானத்தில் இல்லாததால், எண்ணாகாமல் சரமாக (ஸ்டிரிங்) வரும். ஆக முதல் ஏழு பதிவு வரை எல்லாம் சரியாக ஓடும், எட்டாவதில் வகைப் பிழை வரும், பத்தாவதில் எண்ணே தவறும். இதேபோன்ற இன்னொரு வடிவமான டாமல் வைத்தால் சுழியத்தில் தொடங்கும் முழு எண்ணையே அது ஏற்காது, பைத்தான் 3.11-இலிருந்து உள்ளிருக்கும் டாமல் மாடியூல் படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. நமக்கு வேண்டியது 'பெயர்: மதிப்பு' என்ற ஐந்தாறு வரிகள். முதல் முக்காற்புள்ளியில் பிரித்தால் போதும்; எல்லாம் சரமாகவே இருக்கட்டும். எந்தத் தலைவரி அனுமதி என்பதற்கு ஒரு பட்டியல் வையுங்கள். தெரியாத பெயர் வந்தால் பிழை காட்டுங்கள். சும்மா விட்டால் எழுத்துப் பிழையோடு எழுதிய 'மற்றுவது' என்ற வரி யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

நாளை, பதிவு திறக்கும்போது எழுதுபவரின் கணினியிலிருந்து ஒருமுறை எடுத்துச் சரமாக எழுதிவிட வேண்டும். கோப்பின் மாற்ற நேரத்திலிருந்து பிறகு எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கிட் அதைக் காப்பாற்றுவதில்லை, குளோன் செய்த நேரம்தான் கிடைக்கும். சிஐ (மாற்றம் வரும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) இயந்திரத்தில் கணக்கிட்டாலும் தவறும். அது உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால் இந்திய, இலங்கை நேரம் காலை ஐந்தரைக்கு முன் முந்தைய நாளைக் காட்டும். 'இன்று' என்பதை ஃபங்ஷனுக்குள் அழைக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள், டெஸ்ட் எழுத எளிது.

எண் கொடுப்பதில் உள்ள பொறி

இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டு. பெரும்பாலான கருவிகள் செய்வது இதுதான். ஒரே ஆள் என்றால் சிக்கலில்லை. இரண்டு பேர் இரண்டு பிராஞ்சில் ஒரே வாரத்தில் பதிவு திறந்தால் இருவருக்கும் 0012 கிடைக்கும். கோப்புப் பெயரில் தலைப்பும் இருந்தால் பெயர்கள் வேறு. ஆகவே கிட் எந்த முரணும் சொல்லாமல் இரண்டையும் மெர்ஜ் செய்துவிடும். இப்போது 0012 இரண்டு.

இதற்குக் கடைசி எண்ணை ஒரு தனிக் கோப்பில் வைத்துவிடலாம், இருவரும் மாற்றினால் முரண் வரும் என்று தோன்றும். வராது. இரண்டு பிராஞ்சும் 11 என்பதை 12 என்று ஒரேமாதிரி மாற்றியிருக்கின்றன. இரு பக்கமும் ஒரே மாற்றம் என்றால் கிட் அதை ஒப்புக்கொண்டு அமைதியாகச் சேர்த்துவிடும். அந்த வரியில் எண்ணோடு தலைப்பையும் எழுதினால்தான் வரிகள் வேறுபட்டு முரண் எழும். ஆகவே நல்ல வழி, எல்லாப் பதிவுக்கும் எண்ணும் தலைப்புமாக ஒரு வரி கொண்ட பட்டியல் கோப்பை ரெப்போவிலேயே வைப்பது. புதுப் பதிவு திறக்கும்போது லைப்ரரி அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்கும். இரண்டு பேர் கடைசியில் வெவ்வேறு வரி சேர்த்தால் முரண் வரும். வாசிப்பவருக்குப் பொருளடக்கம், நமக்குக் காவல்.

புல் ரிக்வெஸ்டில் சிஐ ஓட்டி, ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. இரண்டும் தனித்தனியே பச்சை வாங்கிவிட்டு, முதலாவது மெர்ஜ் ஆனபின் இரண்டாவது பழைய பச்சையோடே உள்ளே வரும். சரிபார்ப்பை மெயின் பிராஞ்சிலும் ஓட்ட வேண்டும். எண்ணே வேண்டாம், நாளை வைத்துப் பெயரிடலாம் என்பவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் பேச்சில் 'பன்னிரண்டாம் பதிவு' என்பது நாவுக்கு வருகிற மாதிரி எட்டு இலக்கத் தேதி வராது. நான் எண்ணின் பக்கம்.

கோப்பைத் திறப்பது பைத்தானின் 'எக்ஸ்' முறையில் இருக்கட்டும்; ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாமல் பிழை தரும். இருக்கும் கோப்பை மாற்றுவதானால் அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகு பெயர் மாற்றி இடத்தில் வையுங்கள்.

தமிழ்த் தலைப்பும் கோப்புப் பெயரும்

பதிவைத் தமிழில் எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன், குழு தமிழில் பேசி முடிவெடுக்கிறது என்றால். வாதம் நடந்த மொழியிலேயே எழுதினால் 'ஆனால்' எல்லாம் உயிரோடு இருக்கும். ஆனால் தலைப்பிலிருந்து கோப்புப் பெயர் செய்யும் இடத்தில் ஒரு குழியே இருக்கிறது.

பாஷ் கருவிகள் வழக்கமாக 'டிஆர்' கட்டளையால் எழுத்தும் இலக்கமும் அல்லாதவற்றை இணைப்புக்கோடாக (-) மாற்றும். லினக்ஸில் உள்ள குனு டிஆர் பைட் பைட்டாகப் பார்க்கிறது. தமிழ் எழுத்தின் மூன்று பைட்டில் எதுவும் அதற்கு எழுத்தல்ல. முழுத் தலைப்பும் ஒரே ஒரு இணைப்புக்கோடாகச் சுருங்கிவிடும். பைத்தானில் எழுதினால் தப்பிவிடலாம் என்றால், அங்கே வேறு கோளாறு. அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல் எழுத்து' என்ற வகைக்குள் தமிழ் மெய்யும் உயிரும் வரும். உயிர்க்குறியும் புள்ளியும் வராது. 'முடிவு' என்ற தலைப்பு 'ம-ட-வ' ஆகிவிடும். யூனிகோடு வகையைப் பார்த்து, குறி வகைகளையும் எழுத்தோடு சேர்த்து அனுமதித்தால் இது தீரும்.

தீர்ந்தாலும் அடுத்தது காத்திருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். தமிழ் யூடிஎஃப்-8-இல் ஒரு குறிக்கு மூன்று பைட்; உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆக 85 குறிகளில் பெயர் முடிந்துவிடும். எண்ணும் பின்னொட்டும் போக மிஞ்சுவது நீளமான ஒரு தலைப்புக்குப் போதாது. நடுக்குறியில் வெட்டினால் உடைந்த எழுத்து மிஞ்சும். போதாததற்கு, கிட் இயல்பாக ஆங்கிலம் அல்லாத பெயர்களை மூன்றிலக்க எட்டடிமானங்களாகக் காட்டும். 340, 256 என்று எண் மழை பொழியும். கிட்டின் 'கோட்பாத்' (quotePath) அமைப்பை அணைத்தால் திரையில் சரியாகும். உங்கள் லைப்ரரி கிட்டிடம் கோப்புப் பட்டியல் கேட்கும்போது 'இசட்' கொடியோடு கேட்டு, சுழிய பைட்டில் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேற்கோளும் எண்ணுமாக வரும் அந்தப் பெயரில் கோப்பைத் தேடி, இல்லை என்று நிற்கும்.

இத்தனைக்கும் எளிய மருந்து, கோப்புப் பெயர் வெறும் எண்ணாக இருப்பது. தலைப்பு உள்ளே முழு நீளத்தில் தமிழில் இருக்கட்டும். பட்டியல் கோப்பு இருப்பதால் ஃபோல்டரைப் பார்த்துத் தலைப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒன்று: பெயர்கள் ஒன்றே ஆகிவிடுவதால் இரட்டை எண் இப்போது கிட்டிலேயே முரணாக எழும். இது கெடுதல் அல்ல, வரவேற்க வேண்டியது.

மாற்றுவது என்றால் அழிப்பது அல்ல

பத்திரப் பதிவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூலப் பத்திரத்தில் யாரும் அடித்துத் திருத்துவதில்லை. விற்றால் புதுப் பத்திரம், பிழை இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம், இரண்டிலும் பழைய ஆவண எண் குறிப்பிடப்படும். இங்கும் அப்படியே. ஏற்பு ஆன பதிவின் உடல் மாறக்கூடாது. நிலை வரியும் இணைப்பு வரிகளும் மட்டும் மாறலாம்.

நிலைகள் ஐந்து: முன்மொழிவு, ஏற்பு, மறுப்பு, மாற்றப்பட்டது, கைவிடப்பட்டது. முன்மொழிவிலிருந்து ஏற்புக்கோ மறுப்புக்கோ போகலாம். ஏற்பிலிருந்து கடைசி இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். வேறு பாதை கிடையாது. ஒரு டிக்ஷனரியில் இதை எழுதிவைத்தால் ஐந்து வரி. மறுத்த பதிவுகளை நீக்காதீர்கள். அதே யோசனை மறுபடி வரும்போது காட்டக் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

0012 என்பது 0005-ஐ மாற்றுகிறது என்றால் இணைப்பை எங்கே வைப்பது? தரவு வடிவமைப்பு கற்றவர் புதியதில் மட்டும் என்பார், மறுதிசையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் 0005-ஐ எடிட்டரில் திறந்து படிப்பவருக்கு அது செத்துப்போன முடிவு என்று தெரியாது. அந்த ஆபத்து பெரியது. ஆகவே இரண்டிலும் எழுதுங்கள். இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பு பார்க்கட்டும். சுழல் வருகிறதா என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம்: மாற்றுவது எண் எப்போதும் தன் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதி சுழலை முற்றிலும் தடுத்துவிடும்.

நடைமுறையில் அதிகம் இடறுவது பாதி மாற்றம். பழைய பதிவில் இரண்டு விஷயம் இருக்கும், புதியது ஒன்றை மட்டும் மாற்றும். 'மாற்றப்பட்டது' என்று குறித்தால் இன்னும் உயிரோடு இருக்கும் பாதி காணாமல் போகும். ஏடிஆர்-டூல்ஸில் இதற்கு 'திருத்துகிறது' என்ற இணைப்பைத் தனியாகக் கட்டலாம். அதையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அடிக்கடி தேவைப்பட்டால் பதிவுகள் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவைச் சுமக்கின்றன என்று பொருள். தலைப்பில் 'மற்றும்' வந்தால் சந்தேகப்படுங்கள்.

உடல் மாறவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? ஏற்பு ஆகும்போது உடலுக்கு ஷா-256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுத் தலைவரியில் வைக்கலாம். எனக்கு இது அதிகப்படி. கிட் உள்ள இடத்தில் மெயின் பிராஞ்சில் இருக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டால் போதும். ஒப்பிடும்முன் விண்டோஸின் வரி முடிவுகளை ஒன்றாக்குங்கள். கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பில் ஒரே ஒரு கமிட்டை மட்டும் இறக்கும். ஒப்பிட மெயின் அங்கே இருக்காது, ஆகவே முழு வரலாற்றையும் இறக்கச் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட விடவில்லை என்று முணுமுணுப்பு வரும். புல் ரிக்வெஸ்டில் ஒரு லேபிள் வைத்தால் அந்த ஒரு சோதனை மட்டும் விலகும்படி செய்துவிடுங்கள்.

கோடோடு கட்டுவது

இத்தனையிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முடிவு வெளிப்படும் வரிக்கு மேலே கமெண்டில் 'முடிவு-0012' என்று ஒரு குறி. லைப்ரரி, கிட் அறிந்த கோப்புகளை மட்டும் எடுத்து, இந்தக் குறிகளைத் தேடி இரண்டு கேள்வி கேட்கும்: அப்படி ஒரு பதிவு உண்டா? அது இன்னும் ஏற்பில் உள்ளதா? மாற்றப்பட்ட முடிவின் குறி எங்காவது மிஞ்சியிருந்தால் பிழை. முடிவை மாற்றிவிட்டு, அதன்படி எழுதிய ஏழு இடத்தில் ஐந்தை மட்டும் திருத்திவிட்டுப் போவது இதோடு நிற்கும்.

இந்தக் குறியை டெக்கரேட்டராக (ஃபங்ஷனின் தலையில் ஒட்டும் பைத்தான் கோடு) செய்தால் அழகாக இருக்கும் என்று ஆசை வரும். அப்போது இந்த லைப்ரரி புரொடக்‌ஷனில் ஓடும் கோடின் சார்பாகிவிடும். எஸ்க்யூஎல், ஷெல், டாக்கர் கோப்புகளில் பயன்படாது. கமெண்ட் எங்கும் செல்லும். ஜேசனில் மட்டும் கமெண்ட் கிடையாது. அதைப் படிக்கும் கோடில் குறியை வையுங்கள்.

தேடும் பேட்டர்னில் இரண்டு கவனம். பைத்தானில் 'இலக்கம்' என்ற வகை ௧, ௨ போன்ற தமிழ் எண்களையும் ஏற்கும். 0 முதல் 9 வரை என்றே எழுதுங்கள். இரண்டாவது, எண்ணுக்குப் பின் சொல் எல்லை வேண்டும் என்று கேட்காதீர்கள். தமிழில் 'முடிவு-0012ன்படி' என்று உருபை ஒட்டி எழுதுவார்கள். 2-க்கும் ன-வுக்கும் இடையே பைத்தானுக்குச் சொல் எல்லை தெரியாது, குறி பிடிபடாமல் போகும். 'அடுத்து இன்னொரு இலக்கம் வரக்கூடாது' என்று மட்டும் கேட்டால் போதும்.

எதைச் சரிபார்க்கக் கூடாது

விட்ட வழிகள் பகுதி காலியாகவோ வார்ப்புருவில் இருந்தபடியே தொடாமலோ இருந்தால் ஏற்புக்கு விடாதீர்கள். இவ்வளவுதான் இயந்திரம் செய்யலாம். குறைந்தது இத்தனை சொல் என்று விதித்தால் அத்தனை சொல் வரும், காரணம் வராது. அது ரிவ்யூ செய்பவரின் வேலை, அவர் கேட்க வேண்டியதும் ஒன்றுதான்: விட்ட வழியை ஆதரிப்பவர் இதைப் படித்தால், தன் பக்கம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒப்புவாரா?

மறுபார்வையில் தேதி போட்டிருந்தால், அது கடந்ததும் பில்டை உடைக்கலாம் என்றொரு யோசனை அடிக்கடி வருகிறது. உடைக்காதீர்கள். யாரும் கோடைத் தொடாமலே திங்கட்கிழமை காலை எல்லாம் சிவப்பானால், அவசரத்தில் இருப்பவர் தேதியை ஒரு வருடம் தள்ளிவைப்பார். அதைப் படித்துவிட்டா தள்ளுவார்? வாரம் ஒருமுறை, நாள் கடந்த பதிவுகளைப் பட்டியலாக மட்டும் அனுப்பட்டும். நிபந்தனையாக எழுதியதை, மேலே எடுத்துக்காட்டில் உள்ளது போல, இயந்திரம் தொடவே வேண்டாம்.

எது பதிவுக்குத் தகும் என்பதில் நைகார்டின் அளவுகோல் இன்றும் செல்லும்: அமைப்பு, சார்புகள், இடைமுகங்கள், கட்டும் முறை, வேகம் பாதுகாப்பு போன்ற தன்மைகள் இவற்றைத் தொடுபவை. லைப்ரரியின் பதிப்பை ஏற்றுவதற்கெல்லாம் பதிவு திறந்தால் மூன்றே மாதத்தில் யாரும் அந்த ஃபோல்டரைத் திறக்க மாட்டார்கள். பதிவு, கோடு மாறும் அதே புல் ரிக்வெஸ்டில் வர வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து எழுதப்படும் காரணங்கள் எப்போதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நேர்த்தியாக இருக்கும். அதனாலேயே நம்ப முடியாது.

ஏற்கெனவே பல வருடம் ஓடிய திட்டத்தில் தொடங்கினால், பழைய முடிவுகளை எல்லாம் உட்கார்ந்து எழுதத் தொடங்காதீர்கள். யாராவது 'இது ஏன் இப்படி' என்று கேட்கும்போது, அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். நாளாக இன்றைய தேதியே இருக்கட்டும்; பழைய தேதி போட வேண்டாம். சூழல் பகுதியின் முதல் வரியில் 'பின்னர் எழுதியது' என்று சொல்லுங்கள். கோடிலிருந்தும் பழைய கமிட்டுகளிலிருந்தும் தெரிவதை ஒரு பத்தியிலும், ஊகத்தை 'ஊகம்' என்று குறித்து இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். விட்ட வழிகள் தெரியாவிட்டால் அந்தப் பகுதியில் 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லைச் சரிபார்ப்பு ஏற்கும்படி செய்யுங்கள், ஆனால் 'பின்னர் எழுதியது' என்ற வரி உள்ள பதிவுகளில் மட்டும்.